சிஸ்டர் போட்ட சத்தம்

எங்க கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு ரூமைப் பார்த்துக்கிட்ட சிஸ்டர் சத்தமாப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்ல. இதை எங்க சொன்னாலும், பக்கத்துல முனுசாமி அண்ணன் இருந்தா, "நீ எத்ததான் கேட்டுக்கிற?"ம்பாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா சிஸ்டரைப் பத்திச் சொல்லணும்னா அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும், வேற வழி இல்ல.

ஒரகடத்துல கார் கதவுக்கும் கூரைக்கும் தகடு அடிச்சுக் குடுக்குற கம்பெனி அது. நான் இருந்தது பிரஸ் ஷாப்பு, தகடை அமுக்கி வளைக்குற பெரிய மிசினுங்க இருக்கற எடம். பிரஸ் ஒருதரம் எறங்குச்சுன்னா அதிர்வு தரையில கெளம்பி கால் வழியா ஏறி பல்லுல வந்து நிக்கும். காதுல வெச்சுக்க மஞ்சக் கலர்ல பஞ்சு மாதிரி ஒரு அடைப்பான் குடுப்பாங்க. அதை முழுசா வெச்சா பக்கத்துல இருக்கறவன் சொல்ற கதை கேக்காது, வெக்கலைன்னா சூப்பர்வைசர் திட்டுவாரு. அதனால பாதி உள்ள, பாதி வெளியன்னு வெச்சுக்குவோம். பேச்சு எல்லாமே கத்தல்தான். வீட்டுக்குப் போனாலும் அந்தப் பழக்கம் விடாது. ஒருநாள் சாப்பிடும்போது "கொழம்புல உப்பு கம்மி"ன்னு அம்மாகிட்ட சாதாரணமாத்தான் சொன்னேன். எதிர் வீட்டு அக்கா உப்பு டப்பாவோட வாசல்ல வந்து நின்னாங்க.

இப்படிப்பட்ட எடத்துல இந்த சிஸ்டர் மட்டும் தொட்டில்ல கொழந்தை தூங்குற வீட்டுல பேசுற மாதிரி பேசுவாங்க. கையில தகடு கீறி ரத்தம் சொட்டச் சொட்ட ஒருத்தன் "ஐயோ சிஸ்டர், போச்சு சிஸ்டர்"னு அலறிக்கிட்டே ஓடி வருவான். அவங்க எழுந்து, ஒரு கையால மேசையப் புடிச்சுக்கிட்டு, தலைய லேசா சாய்ச்சு, "மெதுவா சொல்லுங்க. வலி எங்கயும் ஓடிடாது"ம்பாங்க. அதைக் கேக்கறதுக்காகவே அவன் அலறல நிறுத்துவான். அப்புறம் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டே கட்டுப் போட்டு முடிச்சுடுவாங்க.

நடக்கறதும் அப்படித்தான். ரப்பர் செருப்பு, குதிகால் தரையில படாது. மத்தியானம் கேன்டீன்ல அப்பளம் வெச்சா ஓரமா எடுத்து வெச்சுடுவாங்க. முறுக்கு, மிக்சர் எது குடுத்தாலும் "வீட்டுக்குக் கொண்டு போறேன்"னு கைப்பையில போட்டுக்குவாங்க. ஆயுத பூஜைக்கு நாங்க மேளம் வெச்சு, பிரஸ்ஸுக்கு மாலை போட்டு, பூசணிக்கா ஒடைச்சு ஆடும்போது சிஸ்டர் ரூம் கதவு சாத்தியிருக்கும். கிறிஸ்டியன் ஆச்சே, அதனால வரமாட்டாங்கன்னு நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கிட்டோம். ஆனா சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துலேர்ந்து வர்ற ஒருத்தன், அவங்க சர்ச்சுக்குப் போறவன், "அங்கயும் உள்ள வரமாட்டாங்கடா. பாட்டு ஆரம்பிச்சா வெளிய வேப்பமரத்தடிக்கு வந்துடுவாங்க"ன்னு சொன்னான். உடனே லைன்ல ஆளுக்கு ஒரு கதை கட்டினாங்க. கன்னியாஸ்திரியாப் போகப் பாத்து திரும்பி வந்தவங்கன்னு ஒருத்தன். தொண்டையில ஆபரேஷன்னு ஒருத்தன். பெரிய எடத்துப் பொண்ணு, பெரிய எடத்துல எல்லாம் இப்படித்தான் பேசுவாங்கன்னு முனுசாமி அண்ணன்.

எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சிஸ்டர் அப்படி மெல்லப் பேசுறது என்மேல இருக்கற பிரியத்தால.

சிரிக்காதீங்க. எனக்கு ஆதாரம் இருந்துச்சு. நான் போனா எழுந்து நிப்பாங்க. மேசைய ஒரு கையால புடிச்சுக்குவாங்க, அது கூச்சம். தலைய சாய்ப்பாங்க, அது வெக்கம். அப்புறம் அந்தக் குரல். எங்க வீட்டுலயே என்னை "டேய்"னு ஊர் கேக்கக் கூப்பிடறவங்கதான். லைன்ல என் பேரு "ஏகா". ஏகாம்பரம்னு முழுசாக் கூப்பிட யாருக்கும் பொறுமை கெடையாது. அந்தக் காதுக்கு ஒருத்தங்க வந்து "உக்காருங்க"ன்னு மெல்லச் சொன்னா மனசு என்ன ஆகும்? அவங்க வாயால ஒருதரம் என் முழுப் பேரையும் கேட்டுடணும்னு எனக்கு ஒரே ஆசை. அவங்களோ எல்லாரையும் "என்னங்க"தான். எல்லாரையும்னா கேன்டீன்ல பாத்திரம் கழுவுறவரைக் கூட. அந்த ஆதாரத்தை நான் கணக்குல எடுத்துக்கல.

இதுல ஒரு சின்னச் சிக்கல் என்னன்னா, அவங்க பேசுறதுல பாதிக்கு மேல எனக்குக் கேக்காது. பிரஸ் ஷாப்புல இருக்கறவங்க எல்லாருக்குமே காது கொஞ்சம் தேய்ஞ்சுதான் இருக்கும். அதை வெளிய சொல்லிக்க மாட்டோம். கேக்கலைன்னா தலைய ஆட்டிச் சிரிச்சுடுறது எங்க ஷாப்புப் பழக்கம். எதிராளியும் அதே கேஸா இருப்பான், அவனும் ஆட்டுவான், வேலை நடக்கும். சிஸ்டர்கிட்டயும் அதையே செஞ்சேன். வெரல்ல ஒரு கீறலுக்குப் பிளாஸ்திரி வாங்கப் போய் இடுப்புல ஊசி போட்டுக்கிட்டு வந்துருக்கேன். இன்னொரு நாள் அவங்க ஏதோ கேட்டாங்க, நான் ஆசையா ஆட்டினேன், அடுத்த வாரம் ரத்ததான முகாம்ல என்னைத்தான் மொதல்ல படுக்க வெச்சாங்க. ரத்தம் போய்க்கிட்டு இருக்கும்போதும் நான் சிரிச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன். சிஸ்டர் பக்கத்துல நின்னாங்களே.

காதைக் கெடுத்துக்கிட்டதுல கம்பெனிக்குப் பாதிதான் பங்கு. மிச்சம் என் சொந்த உழைப்பு. காது அரிச்சா பைக் சாவிய விட்டுக் கொடையறது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அந்தச் சொகம் இருக்கே, கண்ணு தானா மூடிக்கும். ஒருநாள் காலையில கம்பெனி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து எடது காதைக் கொடைஞ்சுக்கிட்டு இருந்தேன். சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு வேகத்தடை. டிரைவர் அதைப் பாக்கல. பஸ் மேல போச்சு, சாவி உள்ள போச்சு. கண்ணுல பூச்சி பறந்துச்சு. சாவி நுனியில ரத்தம். யாருகிட்ட சொல்றது? காது கொடைஞ்சு காயம்னு சொன்னா வருஷம் முழுக்க ஓட்டுவானுங்க. கர்ச்சீப்பால தொடைச்சுக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன்.

ராத்திரி வலி தாங்காம அம்மாகிட்ட சொன்னேன். "இன்னாடா இது, காதுதானே, இதுக்குப் போயி ஆஸ்பத்திரியா"ன்னு அம்மா நல்லெண்ணெய்ல பூண்டைப் போட்டுக் காச்சி, பதமா ஆறவெச்சு, காது நெறைய ஊத்துச்சு. நானும் வாட்டமா படுத்துக் காட்டினேன். உள்ள சவ்வு கிழிஞ்சிருக்கு, அது வழியா எண்ணெய் போகக் கூடாத எடத்துக்கெல்லாம் போகுதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. கொஞ்ச நாள்ல காது ஒழுக ஆரம்பிச்சுது. நாத்தம் வேற. அதுக்கும் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். கம்பெனி குடுத்த மஞ்ச அடைப்பானை அந்தக் காதுல மட்டும் முழுசா அழுத்தி அடைச்சுட்டேன். இத்தனை வருஷத்துல அதைச் சட்டப்படி வெச்சது அப்பதான். சூப்பர்வைசர் கூடப் பாத்துட்டு, "இப்படித்தான் இருக்கணும்"னு தட்டிக் குடுத்துட்டுப் போனாரு. சீழை உள்ளயே மூடி வெச்சதுக்குப் பாராட்டு வாங்கினவன் நான்.

அப்புறம் தலை சுத்தல் வந்துச்சு. மொதமொதல்ல வந்தது சிஸ்டர் ரூம்லதான். நான் உக்காந்திருந்தேன், அவங்க எடது பக்கமா உள்ள வந்தாங்க, வெடுக்குன்னு திரும்பிப் பாத்தேன். ரூம் ஒரு சுத்து சுத்துச்சு. அலமாரி, கட்டில், சுவத்துல மாட்டின சேசு படம், சிஸ்டர் எல்லாம் வரிசையாப் போய்த் திரும்பி வந்தாங்க. வயித்தைப் பொரட்டுச்சு. அடேயப்பா, காதல்னா இதுதான் போலன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். அன்னிக்கெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் முனுசாமி அண்ணனைத் திரும்பிப் பாத்தப்பவும் அதே மாதிரி சுத்துச்சு. அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு.

சந்தேகம் வந்த நேரம் சரியில்ல. நான் டிரெயினியா இருந்து பர்மனென்ட் ஆகப் போற நேரம். மெடிக்கல் முடிச்சு "ஃபிட்"னு சொல்லிட்டா ஆர்டர் கைக்கு வந்துடும். அம்மா அதுக்குள்ள வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கிட்டு, சொந்தத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு. எங்க நிலம் போன எடத்துலதான் இந்தக் கம்பெனிங்க நிக்குது. அங்கயே புள்ளைக்கு நிரந்தர வேலைன்னா அம்மாவுக்கு அது போன நிலம் திரும்பி வந்த மாதிரி. காது சரியில்லைன்னு தெரிஞ்சா பிரஸ் ஷாப்புல வெச்சுக்க மாட்டாங்க. டிரெயினிய வேற எடத்துக்கு மாத்துவாங்கன்னும் உறுதி இல்ல, வாசலக் காட்டினாலும் காட்டுவாங்க. அதனால எது போனாலும் காது டெஸ்ட்டுல பாஸ் ஆகணும்.

அந்த டெஸ்ட்டுக்குன்னு எங்க ஷாப்புல பரம்பரையா ஒரு வித்தை உண்டு. வருஷம் ஒருதடவை ஒரு வேன் வரும். உள்ள கண்ணாடி வெச்ச ஒரு சின்னக் கூண்டு. அதுல உக்கார வெச்சு ஹெட்போனை மாட்டுவாங்க. வெளிய மிசினோட ஒருத்தர் உக்காந்து சத்தம் விடுவாரு. 'கீச்'னு கேட்டா கையில இருக்கற பட்டனை அமுக்கணும். முனுசாமி அண்ணன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. "காத எவன் கேட்டான்? கண்ணத் தொறந்து வெச்சுக்கினு அவரு தோளப் பாரு. மிசின அமுக்கச்சொல்ல தோளு லேசா எறங்கும். தோளு எறங்குச்சா, நீ பட்டன அமுக்கு. நான் இத்தினி வருசமா அப்டித்தான் பாஸாவுறேன்." அவரு ஓட்டறது கிரேனு. இதைக் கேட்டு நான் பயந்திருக்கணும். சந்தோஷப்பட்டேன்.

டெஸ்ட் அன்னிக்கு அந்தத் தோளை விட்டு நான் கண்ணை எடுக்கல. எடது காதுல ஒரு மண்ணும் கேக்கல, ஆனா தோள் எறங்குச்சு, அமுக்கினேன். ஒருதடவை அவரு தோளைச் சொறிஞ்சாரு, அதுக்கும் அமுக்கிட்டேன். முடிச்சதும் கூண்டைத் தொறந்து, "நல்ல காதுங்க உங்களுக்கு"ன்னாரு. பெருமையா வெளிய வந்தேன். வேன் பக்கத்துல சிஸ்டர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. கண்ணாடி வழியா என் கண்ணு எங்க போச்சுன்னு எல்லாத்தையும் பாத்திருக்காங்க. நான் அவங்களைப் பாத்துச் சிரிச்சுட்டு, தாண்டிப் போயிட்டேன். பின்னாலயே கூப்பிட்டுக்கிட்டு வந்திருக்காங்க. எனக்கு எங்க தெரியும்?

கடைசியில முன்னால வந்து வழிய மறிச்சாங்க. ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாங்க. இன்னிக்கு சொல்லிடப் போறாங்கன்னு நான் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டேன். அவங்க எடது காதுல இருந்த அடைப்பானைப் புடுங்கி, டார்ச் அடிச்சு உள்ள பாத்து மூஞ்சியச் சுளிச்சுட்டு, என் வலது பக்கமா வந்து உக்காந்தாங்க. காதலிய மூஞ்சி சுளிக்க வெச்சதுலயே அன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கணும்.

"உங்களுக்குத் தலை சுத்துது இல்ல?"

"இல்லியே சிஸ்டர்."

"நடக்கும்போது தரையத் தேடித் தேடிக் கால வெக்கிறீங்க. நான் பாக்கறேன்."

"உங்களுக்கு எப்படி சிஸ்டர் தெரியும்?"

அவங்க மேசையப் புடிச்சுக்கிட்டாங்க. "தெரியும்"னாங்க. அப்புறம் சொன்னாங்க: திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் வருவாரு, நீங்களே போய்ச் சொல்லிடுங்க, இல்லைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "சிஸ்டர், ஆர்டர் மட்டும் கைக்கு வந்துடட்டும். அப்புறம் நானே சொல்றேன். எங்க அம்மா எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கு."

"அந்த ஷாப்புல தள்ளாடினா எங்க விழுவீங்கன்னு யோசிச்சீங்களா?"ன்னாங்க. இது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ஆனாலும் எப்பவும் போலத் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம், பாத்தியா, நம்ம மேல எவ்ளோ அக்கறைன்னு ஒரே பூரிப்பு. என்னை மாதிரி ஒருத்தனை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

அந்தத் திங்கட்கிழமை வர்றதுக்கு முன்னாலயே, சனிக்கிழமை காலையில அந்தச் சம்பவம் நடந்துச்சு. எங்க லைன்ல டை மாத்தறதுக்காக பிரஸ்ஸை நிறுத்தியிருந்தாங்க. டைன்னா தகடை அழுத்தி வடிவம் குடுக்குற இரும்பு அச்சு, ஒரு ரூம் அளவு இருக்கும். அதைக் கிரேன் தூக்கிக்கிட்டு வரும். முனுசாமி அண்ணன் ரிமோட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அது கூடவே நடந்து வருவாரு. கிரேன் நகர்ந்தா சைரன் அடிக்கும், எல்லாரும் ஒதுங்கிக்குவோம். அன்னிக்கும் சைரன் அடிச்சுது. எனக்கும் கேட்டுச்சு. ஆனா ஒத்தைக் காதுக்கு சத்தம் கேக்குமே தவிர அது எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாது. இது எனக்கு அதுவரைக்கும் தெரியாத சங்கதி. வலது பக்கம்தான்னு நெனச்சு எடது பக்கமா ஒதுங்கினேன். எடது பக்கம்தான் டை வந்துக்கிட்டு இருந்துச்சு.

ஏதோ நிழல் விழுதேன்னு வெடுக்குன்னு திரும்பினேன். அவ்ளோதான், ஷாப்பே சுழண்டுச்சு. தூணு, லைட்டு, மஞ்சக் கோடு எல்லாம் ஓடுது. எது மேல, எது கீழன்னு தெரியல. நின்ன எடத்துலேர்ந்து ரெண்டு எட்டு தள்ளாடிப் போய் நடு வழியில குந்திட்டேன். முனுசாமி அண்ணன் டைக்கு அந்தப் பக்கம். அவரு கண்ணுக்கு நான் தெரியமாட்டேன்.

எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்: டை ஆடிக்கிட்டே வந்து தலைக்கு எட்டுற தூரத்துல நின்னுச்சு. அதுல ஒட்டியிருந்த எண்ணெய் என் சட்டையில சொட்டுச்சு. அப்புறம் எல்லாரும் ஓடினாங்க. என்கிட்ட இல்ல, என்னைத் தாண்டி. பிரஸ் நின்ன நேரம் பாத்து ஃபர்ஸ்ட் எய்டு பெட்டியில மருந்து வெக்க வந்த சிஸ்டர், பெட்டி மாட்டின தூணுக்குக் கீழ விழுந்து கெடந்தாங்க. மாத்திரையும் பஞ்சும் தரையெல்லாம் செதறிக் கெடந்துச்சு. கண்ணு தொறந்துதான் இருக்கு, ஆனா கருவிழி ரெண்டும் ஒரு பக்கமா துடிச்சுத் துடிச்சுப் போகுது. ரெண்டு கையாலயும் தூணைக் கட்டிப் புடிச்சிருந்தாங்க, பூமி கவுந்துடும்ங்கற மாதிரி.

"இன்னா கத்து!"ன்னு முனுசாமி அண்ணன் ஓடி வந்து சொல்றாரு. "சைரன மீறிக் கேட்டுச்சுப்பா! கையி தானா ரிமோட்டு பட்டன வுட்டுருச்சு!"

யாரு கத்தினாங்கன்னு எனக்குப் புரியல. எனக்கு ஆபத்துன்னு பாத்ததும் சிஸ்டர் மயங்கி விழுந்துட்டாங்கன்னுதான் நான் நெனச்சேன். அந்த நெலமையிலயும் உள்ளுக்குள்ள ஒரு மூலையில சந்தோஷம். எனக்கே என்மேல வெறுப்பு வருது இதைச் சொல்றதுக்கு.

அவங்களைத் தூக்கி அவங்க கட்டில்லயே படுக்க வெச்சோம். ஃபர்ஸ்ட் எய்டு குடுக்க வேண்டியவங்களே படுத்துட்டாங்க, யாருக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல. அடிக்கடி வந்து போனதுல மருந்து எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்னு என்னை விட்டுட்டு ஆம்புலன்சுக்கு போன் பண்ணப் போனாங்க. சிஸ்டர் வாந்தி எடுத்தாங்க. நான் வாளியப் புடிச்சேன். "சிஸ்டர்! என்ன ஆச்சு சிஸ்டர்! டாக்டருக்குச் சொல்லட்டுமா சிஸ்டர்!"னு கத்தினேன்.

அவங்க கண்ணை மூடிக்கிட்டே, "மெதுவா சொல்லுங்க"ன்னாங்க.

அப்புறம் வேற ஏதோ சொன்னாங்க. நான் வழக்கம் போலத் தலைய ஆட்டினேன். ஆட்டினதுமே ரூம் லேசா சுத்துச்சு. கண்ணை மூடியிருக்கறவங்ககிட்ட எதுக்குடா தலைய ஆட்டறன்னு அப்பதான் உறைச்சுது. கட்டிலைச் சுத்திக்கிட்டு வந்து, வலது காது அவங்க பக்கம் இருக்கற மாதிரி தரையில உக்காந்தேன். "சிஸ்டர், கேக்கல. எனக்குக் காது கேக்கல. திருப்பிச் சொல்லுங்க"ன்னேன்.

"இப்பதான் மொதல் தடவையா கேக்கறீங்க"ன்னாங்க.

அவங்களுக்குப் பேசினா தலைக்குள்ள இடிக்குமாம். சொந்தக் குரலு, குடத்துக்குள்ள தலைய விட்டுக் கத்தற மாதிரி. நடந்தா குதிகால் சத்தம் மண்டையில கேக்கும். அப்பளம் கடிச்சா சுவரு இடியற மாதிரி இருக்கும். கண்ணை உருட்டினாக் கூட அந்தச் சத்தம் கேக்கும்னாங்க.

"கண்ணு சத்தம் போடுமா சிஸ்டர்?"

"எனக்குப் போடும். உப்புத்தாள் தேய்க்கற மாதிரி."

சுளீர்னு ஒரு சத்தம் வந்தா எல்லாம் சுத்தும். மேளம், பட்டாசு, சர்ச்சு ஸ்பீக்கர் எதுவும் ஆகாது. இதைச் சொல்லி டாக்டர் டாக்டரா போயிருக்காங்க. மனசுல டென்ஷன்னு ஒருத்தர், தூங்குங்கன்னு ஒருத்தர். கடைசியில மெட்ராஸ்ல ஸ்கேன் எடுத்த எடத்துல சொல்லியிருக்காங்க, உள்காதுக்கு மேல இருக்கற எலும்புல ஒரு சின்ன ஓட்டை இருக்குன்னு. ஆபரேஷன் பண்ணலாம், ஆனா மண்டைய ஓரமாத் தொறக்கணும். அதுக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கிட்டே வந்திருக்காங்க.

"அப்புறம் ஏன் சிஸ்டர் போயும் போயும் பிரஸ் ஷாப்புக்கு வேலைக்கு வந்தீங்க?"

"கெடைச்சது இதுதாங்க. இந்த ரூம் கதவு நல்ல கதவு, ரப்பர் வெச்சது. சாத்திட்டா பரவால்ல." வாயத் தொடைச்சுக்கிட்டு, "சேரும்போது எனக்கும் காது டெஸ்ட் வெச்சாங்க. உங்க எல்லாரையும் விட எனக்கு நல்லாக் கேக்கும். பாஸ் பண்ணிட்டேன்"னு லேசாச் சிரிச்சாங்க.

மேசையப் புடிச்சது கூச்சம் இல்ல. தலைய சாய்ச்சது வெக்கம் இல்ல. நான் கட்டி வெச்சிருந்த மாளிகை செங்கல் செங்கலா உதிருது, நான் வாளியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்த நேரம் பாத்து ஒருத்தர் பதறிக்கிட்டு உள்ள வந்தாரு. சிஸ்டர் கையப் புடிச்சாரு. யாரு இவருன்னு நான் மொறைச்சேன். சிஸ்டர் என்னைப் பாத்து, "எங்க வீட்டுக்காரருங்க. இவரைப் பத்தி உங்ககிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேனே. பாப்பாவோட புதுநன்மை, சர்ச்சுல விசேஷம், வாங்கன்னு கூப்பிட்டேன், கண்டிப்பா வர்றேன்னு தலைய ஆட்டினீங்க. உங்களுக்குன்னு பிரியாணி எடுத்து வெச்சிருந்தோம்"னாங்க. அவரும், "நீங்கதானா அது"ன்னாரு. நல்ல மனுஷன்.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. தூக்கறதுக்கு முன்னால சிஸ்டர் என் பக்கம் லேசாத் திரும்பினாங்க. திரும்பறதுக்கு அவங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், நானும் அதே ஜாதி ஆச்சே. "நான் உங்களைக் கூப்பிட்டேனே, அது கேட்டுச்சா?"ன்னாங்க.

அப்பதான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது, கத்தினது யாருன்னு. கத்தினா என்ன ஆகும்னு நல்லாத் தெரிஞ்சவங்க கத்தியிருக்காங்க. ஊசிக்கு, ரத்தத்துக்கு, பிரியாணிக்குன்னு கேக்காத எல்லாத்துக்கும் தலைய ஆட்டினவன், இதுக்கும் ஆட்டியிருக்கலாம். படுத்திருக்கறவங்களுக்கு அது ஒரு ஆறுதலாவும் இருந்திருக்கும். ஆனா கழுத்து வரல.

"கேக்கல சிஸ்டர்"னு சொன்னேன்.

"சரி, பரவால்ல"ன்னாங்க. "திருப்பிச் சொல்லுங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க. இதை மறுபடியும் சொல்ல என்னால ஆகாது." சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நான் அழுதுட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர்கிட்ட நானே போய் எல்லாத்தையும் சொன்னேன், சாவியிலேர்ந்து பூண்டு வரைக்கும். சீழு உள்காது வரைக்கும் போயிடுச்சுன்னாங்க. ஆஸ்பத்திரியில படுத்தேன். தலை சுத்தல் நின்னுச்சு, எடது காது மட்டும் பூட்டின கடைதான், இனிமே தொறக்காதாம். கம்பெனி என்னை வெளிய அனுப்பல, ஸ்டோர்சுக்கு மாத்தினாங்க. பர்மனென்ட் ஆர்டர் ரொம்ப லேட்டாத்தான் வந்துச்சு. அம்மா அதை முருகன் கால்ல வெச்சு எடுத்துட்டு வந்து, "டேய்!"னு தெரு முனையிலேர்ந்தே கூப்பிட்டுச்சு. முனுசாமி அண்ணன் தானா முன்வந்து கண்ணை மூடிக்கிட்டு டெஸ்ட் எடுத்தாரு. இப்ப அவரும் என் கூட ஸ்டோர்ஸ்லதான். சிஸ்டருக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. காஞ்சிபுரத்துல ஒரு கண் ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். இப்பவும் மெதுவாத்தான் பேசுறாங்களா, இல்ல சத்தமாப் பேசுறாங்களான்னு தெரியாது.

ஷிப்ட் முடிஞ்சு சுங்குவார்சத்திரத்துல பஸ்ஸை விட்டு எறங்கினா நானும் முனுசாமி அண்ணனும் டீ குடிப்போம். நான் அவருக்கு வலது காதைக் காட்டி உக்காருவேன். எப்பவாவது ஒருநாள், கேக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே, கேட்டுடுவேன்.

"அண்ணே, அன்னிக்கு எப்படிண்ணே கூப்பிட்டாங்க?"

"எத்தினி தபாடா சொல்றது?"

"இன்னொருதரம்ணே. ஏகான்னா கூப்பிட்டாங்க?"

"இல்லடா. முழுசா. முழுப் பேரும் சொல்லி."

டம்ளரை வெச்சுட்டு, தொண்டையச் செருமிக்கிட்டு, முனுசாமி அண்ணன் வாயைத் தொறப்பாரு. "ஏகாம்பரம்!" பஸ் ஸ்டாப்புல நிக்கற சனமெல்லாம் திரும்பிப் பாக்கும். நான் கண்ணை மூடிக்கிட்டு, வலது காதை நல்லாக் குடுத்துக் கேப்பேன். ஒவ்வொரு தடவையும் பீடி குடிச்சுக் கட்டின முனுசாமி அண்ணன் குரல்தான் கேக்குது.